பழைய எம்.ஜி.பி.யில் மின்விசிறி: இக்னிஷன் லைனில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நெரிசலில் கொதிப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெல்ட்டில் ஓடும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்தலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் ஒயரிங் பற்றி அதில் இருந்தது ஒரே வரி: விசிறியின் ஒரு ஒயரை இக்னிஷன் லைனிலும் (சாவி போட்டதும் மின்சாரம் வரும் ஒயர்) மற்றதை பாடியிலும் கொடுத்தால் போதும். அந்த வரியை நம்பி யாரேனும் வேலையைத் தொடங்கினால் காரின் ஒயரிங்கே எரிந்துபோகக்கூடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கட்டுரையில் படமாக வந்த எம்.ஜி.பி.யையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான, 1798 சிசி எஞ்சின் கொண்ட கார் அது.

ஒயரைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார் எப்போது கொதிக்கிறது? சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் வெப்பம் காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், காற்று போதவில்லை என்று பொருள்; மின்விசிறி கட்டாயம் உதவும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே முள் ஏறினால் விசிறியால் ஒரு பயனும் இல்லை. அந்த வேகத்தில் எந்த விசிறியும் தர முடியாத அளவு காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. அங்கே கோளாறு வேறு: உள்ளே உப்பு அடைத்த ரேடியேட்டர், பின்தங்கிய டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும் கீழ் ஹோஸ், வலுவிழந்த ரேடியேட்டர் மூடி. இவற்றைச் சரிசெய்யாமல் விசிறிக்குப் பணம் செலவழிப்பது வீண்.

அடுத்தது, விசிறிக்கு வேண்டிய மின்சாரம் காரில் இருக்கிறதா என்ற கணக்கு. கட்டுரை இதைத் தொடவே இல்லை. 12 அங்குல விசிறி ஓடும்போது 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 1967 கடைசி வரை வந்த எம்.ஜி.பி.களில் இருப்பது லூகாஸ் சி40 டைனமோ (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் பழைய வகை ஜெனரேட்டர்). அதன் முழுத்திறனே 22 ஆம்பியர்; அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றினால்தான். ஐட்லிங்கில் அது சார்ஜ் செய்வதே இல்லை, சார்ஜ் விளக்கு மினுக்குவதைப் பார்த்தாலே தெரியும். விசிறி தேவைப்படுவதோ சரியாக அந்த ஐட்லிங்கில்தான்! ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர், பிரேக் விளக்குக்கு மூன்றரை, இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) மூன்று நான்கு, அதன் மேல் விசிறிக்குப் பத்து என்றால், மாலை நேர நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலே பேட்டரி தளர்ந்துவிடும். எனவே டைனமோ உள்ள காரில் அதைக் கழற்றி அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பொருத்தாமல் மின்விசிறி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்ற மனமில்லாதவர்கள் பெல்ட் விசிறியையே வைத்துக்கொண்டு ரேடியேட்டரைச் சுத்தம் செய்யட்டும். பின்னால் வந்த கார்களில் உள்ள லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர் தரும். ஐட்லிங்கில் அதுவும் குறைவாகத்தான் தரும். ஆனாலும் பேட்டரியை அது பட்டினி போடாது.

அதே 1967 எல்லைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அதற்கு முந்தைய கார்கள் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்று கடையில் கிடைக்கும் விசிறி, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) எல்லாமே நெகட்டிவ் எர்த் காருக்கென்று செய்தவை. விசிறி மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருப்பதால், இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே பாசிட்டிவ் எர்த் காரில் கறுப்பு ஒயரை எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடியில் கொடுக்கக் கூடாது. அதைவிட ஆபத்து, தன் உள்காயிலுக்குக் குறுக்கே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடுவது) வைத்த ரிலே. முனை மாறினால் அந்த டயோடு நேரே ஷார்ட் ஆகி எரியும். பழைய காருக்கு டயோடு இல்லாத சாதாரண ரிலே, அல்லது டயோடுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்த ரிலே வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது ரிலேயின் பக்கவாட்டில் படமாக அச்சிட்டிருக்கும். காரின் எர்த் எது என்பதைத் தயாரிப்பு ஆண்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று நேரில் பாருங்கள்.

இனி அந்த இக்னிஷன் லைன். பிரிட்டிஷ் கார்களில் ஒயரின் நிறத்துக்கு ஒரு மொழி உண்டு. பழுப்பு என்றால் ஃப்யூஸ் இல்லாமல் எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை என்றால் சாவி போட்டதும் மின்சாரம் வரும், அதிலும் ஃப்யூஸ் இல்லை. பச்சை என்றால் சாவிக்குப் பின் ஃப்யூஸ் வழியாக வருவது. ஊதா என்றால் எப்போதும் உள்ளது, ஆனால் ஃப்யூஸ் வழியாக. கறுப்பு எர்த். எம்.ஜி.பி.யில் இக்னிஷன் காயிலும் பின்பக்க பெட்ரோல் பம்பும் வெள்ளை ஒயரிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. ஐம்பது வருடம் உழைத்துத் தேய்ந்த சாவி சுவிட்சின் முனைகளில் மேலும் பத்து ஆம்பியரை ஏற்றினால் முதலில் சுவிட்ச் சுடும். பிறகு விசிறி ஓடும் ஒவ்வொரு முறையும் காயிலுக்கும் பம்புக்கும் போகும் வோல்டேஜ் இறங்கும். வெப்பமான எஞ்சின், நெரிசல், மிஸ்ஃபயர் மூன்றும் ஒன்றாக வந்து சேர, மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒயரில் எங்காவது ஷார்ட் ஆனால், வெள்ளை ஒயரில் ஃப்யூஸ் இல்லாததால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் மொத்தக் கட்டும் உருகும்.

இன்னொரு விநோதமும் நடக்கும். விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது சாவியை அணைத்தால், சுற்றும் மோட்டார் சில கணங்களுக்கு ஜெனரேட்டராகிவிடும். அது வெள்ளை ஒயருக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும். காரணம் புரியாமல் சாவி சுவிட்சை மாற்றுபவர்கள் உண்டு. ரிலே இருந்தால் இந்தத் தொல்லை வராது, மோட்டாருக்கும் இக்னிஷனுக்கும் நடுவே மின் தொடர்பே இல்லை.

சரியான இணைப்பு இதுதான். நான்கு முனை ரிலே, 30 ஆம்பியருக்குக் குறையாதது. ரிலேயில் 30 என்று எண் குறித்த முனைக்குப் பேட்டரி மின்சாரம் ஃப்யூஸ் வழியாக நேரே வர வேண்டும். 87 விசிறிக்குப் போக வேண்டும். 86க்கு ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு பச்சை ஒயர். 85லிருந்து வெப்ப சுவிட்சுக்கு (நீர் சூடானதும் தானாக இணையும் சுவிட்ச்) ஒரு ஒயர். சுவிட்சின் மறுமுனை எர்த். ரிலேயின் காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், பச்சை ஒயருக்கு அது ஒரு சுமையே அல்ல. கடையில் ஐந்து முனை ரிலே கொடுத்தால் நடுவில் உள்ள 87ஏ முனையைத் தொடாதீர்கள். ரிலே வேலை செய்யாதபோது 30உடன் இணைந்திருப்பது அதுதான். தவறி அதில் விசிறியைக் கொடுத்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரவெல்லாம் ஓடி, சூடானதும் நிற்கும்.

86ஐப் பச்சையில் கொடுக்காமல் எப்போதும் மின்சாரம் உள்ள ஊதாவில் கொடுத்து, வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி ஓடும்படி செய்யச் சிலர் சொல்வார்கள். புதிய கார்கள் அப்படிச் செய்வது உண்மைதான். ஆனால் எம்.ஜி.பி.யின் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவது. எஞ்சின் நின்றதும் நீரோட்டமும் நின்றுவிடும். விசிறி ரேடியேட்டரில் தேங்கிய நீரை மட்டும் குளிர்விக்கும், எஞ்சின் தலையில் உள்ள சூடு அங்கேயே இருக்கும். பேட்டரி காலியாவதுதான் மிச்சம்.

30 முனைக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? எம்.ஜி.பி.யில் பேட்டரி இருப்பது இருக்கைகளுக்குப் பின்னால். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அதன் பின் ஒரே 12 வோல்ட். அங்கிருந்து தடித்த கேபிள் தரைக்கு அடியில் வந்து செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டில் (அந்த மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) முடிகிறது. அந்தப் போல்ட்டில் தனி லக் (ஒயர் நுனியில் அழுத்தும் உலோக முனை) வைத்து எடுப்பதே சிறந்தது. ஃப்யூஸை அந்த இணைப்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். ஃப்யூஸ் விசிறியைக் காப்பதற்காக அல்ல, ஒயரைக் காப்பதற்காக. மின்சாரம் புறப்படும் இடத்துக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குக் காவலே கிடையாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சொலினாய்டு போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும்போது அது பாடியில் பட்டால் ஸ்பேனரே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அம்மீட்டர் (பேட்டரிக்கு ஏறும், இறங்கும் மின்சாரத்தைக் காட்டுவது) உள்ள வேறு மாடல்களில் மட்டும் இந்த இடம் ஒத்துவராது. அங்கே அம்மீட்டருக்கு ஆல்டர்னேட்டர் பக்கமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் விசிறி இழுப்பதையெல்லாம் சார்ஜ் ஏறுவதாக முள் காட்டும்.

பத்து ஆம்பியர் விசிறிக்கு 20 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் சரி. 10 போட்டால் தொடக்க இழுப்பிலேயே போகும். பழைய கண்ணாடி ஃப்யூஸில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதியான 17 ஆம்பியர்தான். அமெரிக்க முறைக் கண்ணாடி ஃப்யூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. '35 இருந்தது, 35 போட்டேன்' என்று அமெரிக்க ஃப்யூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒயரின் தடிமனை மேலுறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹெட்லைட்டுக்கென்று ரிலேயோடு கட்டாக விற்கும் மலிவான ஒயரிங்கில் உறை தடித்திருக்கும், உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு நூல்போல் இருக்கும். விசிறி ஓடும் பாதைக்கு 2.5 முதல் 3 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும். கணக்கு எளிது: போகவும் வரவும் சேர்த்து மூன்று மீட்டர் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பத்து ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் ஒயரிலேயே தொலையும், 3 சதுர மில்லிமீட்டரில் அது 0.17 வோல்ட். தொலையும் அரை வோல்ட் ஒயருக்குள் சூடாக மாறுகிறது. வெப்ப சுவிட்சுக்கும் பச்சைக்கும் போகும் ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் போதும். வீட்டு வயரிங் ஒயரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் தடித்த சில இழைகள் எஞ்சின் அதிர்வில் லக்கின் கழுத்தில் ஒவ்வொன்றாக அறும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்கு எஞ்சின் அறையில் ஆயுள் கிடையாது. லக்குகளை அதற்கான இடுக்கியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஃப்யூஸ் ஹோல்டர் உருகியும் ஃப்யூஸ் அப்படியே இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மின்சாரம் அதிகமானதால் வந்தது அல்ல அது. தளர்ந்த முனையில் ஏற்படும் தடை அந்த இடத்தை மட்டும் அடுப்பாக்குகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் தீராது, ஹோல்டரை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் தவறு நடப்பது வெப்ப சுவிட்சில்தான். எம்.ஜி.பி.யின் தெர்மோஸ்டாட் வால்வு (எஞ்சின் சூடானதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடுவது) 74, 82, 88 டிகிரி என மூன்று அளவுகளில் கிடைக்கும். நம் வெயிலுக்கு 74 அல்லது 82 ஏற்றது. விசிறி ஓடத் தொடங்கும் வெப்பமும் நிற்கும் வெப்பமும் வால்வு திறக்கும் வெப்பத்துக்கு மேலே இருக்க வேண்டும். சுவிட்ச் ரேடியேட்டருக்குள் சுடுநீர் நுழையும் மேல்பக்கம் இருந்தால், 82 வால்வுக்கு 92இல் ஓடி 87இல் நிற்கும் சுவிட்ச் பொருத்தம். 88 வால்வை வைத்துக்கொண்டு அதே சுவிட்சைப் போட்டால், நீர் 87க்கு இறங்கவே வால்வு விடாது. விசிறி சாவி இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், 'சுவிட்ச் ஷார்ட்' என்று அதைத் தூக்கி எறிவார்கள். சுவிட்ச் ரேடியேட்டரின் கீழே, குளிர்ந்த நீர் வெளியேறும் பக்கம் இருந்தால் அங்கே வெப்பம் குறைவு. 92 சுவிட்ச் மூடும்போது எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும். அந்த இடத்துக்கு அதைவிடக் குறைந்த அளவு தேவை. வாங்கிய சுவிட்சை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியும் மல்டிமீட்டரும் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். முனைகள் தண்ணீரில் படக்கூடாது. அச்சிட்ட அளவும் உண்மையான அளவும் பல டிகிரி விலகி இருப்பது உண்டு.

மேல் ஹோஸுக்குள் மெல்லிய குழாயைச் செருகி, ரப்பர் துண்டு வைத்துக் கிளிப் இறுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இடம் என்றாவது ஒருநாள் கசியும். பித்தளை ரேடியேட்டரில் சுவிட்ச் திருகுவதற்கான பித்தளைக் குமிழை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள், அதுதான் நிரந்தரம். ஹோஸை வெட்டி நடுவில் பொருத்தும் உலோகக் குழாயும் நல்லதே. ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர் இருப்பதால் அதற்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை சுவிட்ச் அதில் வேலை செய்யாது. குழாயிலிருந்து பாடிக்குத் தனி ஒயர் வேண்டும், அல்லது இரண்டு முனை சுவிட்ச் போட வேண்டும். மரைக்கு டெஃப்லான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினாலும் எர்த் கெடும். செம்பு வாஷர் போதும்.

வெப்ப சுவிட்சுக்கு இணையாக டேஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் வையுங்கள்: 85லிருந்து ஒரு கிளை, மறுமுனை எர்த். வெப்ப சுவிட்ச் கைவிட்டாலும் வீடு வந்து சேரலாம்.

விசிறியைப் பொருத்துவதில் இரண்டே எச்சரிக்கைகள். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஊசியைச் செருகி இறுக்கும் முறை வேண்டாம். அதிர்வில் குழாயைத் தேய்த்து ஓட்டை போடும். பக்கச் சட்டத்தில் தகடு அடித்துப் பொருத்துங்கள். இரண்டாவது, காற்றின் திசை. இந்தியச் சிறிய கார்களின் விசிறிகள் பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பவை. முன்னால் கிரில் பக்கம் வைத்துத் தள்ளச் செய்ய ஒயரை மட்டும் மாற்றினால் இறக்கையின் வளைவு தலைகீழாகி, சத்தம் வரும், காற்று வராது. இறக்கையையும் திருப்பிப் போட வேண்டும். முடியாத வகையென்றால் தள்ளும் விசிறியையே வாங்க வேண்டும். எங்கே வைத்தாலும் காற்று கிரிலிலிருந்து எஞ்சினை நோக்கித்தான் போக வேண்டும். விசிறியை ஓடவிட்டு, கிரில் பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நீட்டினால் அது உள்நோக்கி இழுபட வேண்டும். பழைய விசிறியைக் கழற்றும்போது அது பிடித்திருந்த போல்ட்டுகளையே திரும்பப் போடாதீர்கள். விசிறியின் தடிமன் இல்லாததால் அவை அதிகம் உள்ளே போய் வாட்டர் பம்ப்பில் இடிக்கும். அந்த அளவு வாஷர் சேர்க்க வேண்டும், அல்லது குட்டை போல்ட் போட வேண்டும்.

முடித்ததும் மல்டிமீட்டர் இல்லாமல் பானெட்டை மூடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது விசிறியையும் ஓடவிட்டு, பேட்டரியில் உள்ள வோல்டேஜையும் விசிறியின் முனைகளில் உள்ளதையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். விசிறியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருக்கிறது, சுரண்டுங்கள். பத்து நிமிடம் ஓடிய பின் ஃப்யூஸ் ஹோல்டரையும் ரிலேயையும் கையால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது. ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் தேங்காது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே இணைப்பு பொருந்தும். டைனமோ விஷயத்தில் மேலே சொன்ன கண்டிப்பும் அவர்களுக்கு உண்டு.

இக்னிஷன் லைனில் கொடுக்கலாம் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது வரும் வார வாகனப் பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால் ரிலேயின் நான்கு முனைகளையும் சிறு படமாகப் போட்டால், வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்